கடலில் நின்ற இரும்புக் கேடயங்கள்



தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் அடுத்த விடுமுறையில் அப்பா, அம்மாவுடன் போய் வாருங்கள். அங்கே நம் மாவட்டத்து நடுகற்களைப் பார்க்கலாம். ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போராடி உயிரை விட்ட வீரர்களுக்காக நட்ட கற்கள் அவை. இப்படிப்பட்ட கற்களில் ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமுமாக நிற்கும் வீரர்களைச் செதுக்கியிருப்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி. எதிரியின் வாள் இன்னும் கூர்மையானால் கேடயத்தை என்ன செய்வார்கள்? தடிமனாக்குவார்கள். கேடயம் தடித்துவிட்டால் எதிரி சும்மா இருப்பானா? அதைத் துளைக்கும் புதிய ஆயுதத்தைத் தேடுவான். உடனே கேடயம் இன்னும் தடிக்கும். இதற்கு முடிவு உண்டா?

இந்தப் போட்டி 19-ஆம் நூற்றாண்டில் கடலில் நடந்தது. அப்போது பிறந்தவைதான் இரும்புக் கவசக் கப்பல்கள். அவற்றில் இரண்டு நம் நாட்டின் பம்பாய்த் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவல் நின்றன. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இரும்பு மிதக்குமா?

நான் ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "மூழ்கிவிடும் சார்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் இரும்பு ஆணியைப் போடுவேன். மூழ்கும். அடுத்து, ஆணியைவிடப் பல மடங்கு கனமான இரும்பு வடச்சட்டியை மெல்ல வைப்பேன். அது மிதக்கும்! வகுப்பே வாயைப் பிளக்கும்.

காரணம் இதுதான். ஒரு பொருள் தண்ணீரில் இறங்கும்போது தன் இடத்தில் இருந்த தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கப்பட்ட தண்ணீரின் எடை அந்தப் பொருளின் எடைக்குச் சமமாகிவிட்டால் பொருள் மிதக்கும். ஆணி சிறியது. அது ஒதுக்கும் தண்ணீர் மிகக் குறைவு. வடச்சட்டி குழிவாக அகன்று இருப்பதால் நிறையத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஆர்க்கிமிடிஸ் கண்ட தத்துவம் இது. ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருக்கிறீர்களே, ஆற்றோடு போகும் அந்த வட்டத் தட்டு அத்தனை பேரைத் தாங்குவதும் இதே தத்துவத்தால்தான்.

ஆகவே இரும்பில் கப்பல் கட்டலாம். அப்படியானால் ஏன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மரத்திலேயே கட்டினார்கள்? அவ்வளவு பெரிய இரும்புத் தகடுகளைச் செய்யும் ஆலைகளும், அந்தக் கனத்தை இழுத்துச் செல்லும் நீராவி எந்திரங்களும் அதுவரை இல்லை.

தேக்குக் கப்பல்களின் காலம்

மரக் கப்பல் கட்டுவதில் நம் நாடு பெரும் புகழ் பெற்றிருந்தது. பம்பாயில் வாடியா என்ற பார்சி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டினார்கள். மலபார்த் தேக்கில் அவர்கள் செய்த கப்பல்களை ஆங்கிலேயக் கடற்படை விரும்பி வாங்கியது.

1817-இல் அவர்கள் கட்டிய ஒரு போர்க்கப்பலின் பெயர் டிரிங்கோமலி. எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா? இலங்கையில் உள்ள நம் திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர் அப்படி உச்சரித்தார்கள். அந்தக் கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்து, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. நம் தேக்கும் நம் தச்சர்களின் கைத்திறனும் எப்படிப்பட்டவை, பார்த்தீர்களா?

அக்காலக் கடற்போரில் பீரங்கிகள் கெட்டியான இரும்பு உருண்டைகளைச் சுட்டன. அவை கப்பலின் பக்கத்தில் ஓட்டை போடும். கப்பலில் இருக்கும் தச்சர்கள் ஓடிப்போய் மரக்கட்டையை அடித்து ஓட்டையை அடைப்பார்கள். கப்பல் தொடர்ந்து போரிடும். அதனால் மரக் கப்பலை மூழ்கடிப்பது எளிதாக இருக்கவில்லை.

வெடிக்கும் குண்டு வந்தது

1820-களில் பெக்சான்ஸ் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி புதுவகைப் பீரங்கியை உருவாக்கினார். அது சுட்ட குண்டு உள்ளே வெடிமருந்து நிரப்பியது. கப்பலின் மரப் பலகைக்குள் புகுந்து அங்கே வெடிக்கும். மரம் தீப்பற்றும். வெடிமருந்து அறைக்குத் தீ பரவினால் கப்பலே சிதறிவிடும்.

இதன் கொடுமையை உலகம் 1853 நவம்பர் 30 அன்று கண்டது. கருங்கடலில் உள்ள சினோப் துறைமுகத்தில் துருக்கியின் மரக் கப்பல்கள் நின்றிருந்தன. ரஷ்யக் கப்பல்கள் அவற்றின் மீது வெடிகுண்டுகளைச் சுட்டன. ஒரே ஒரு நீராவிக் கப்பல் மட்டும் தப்பியது. மற்றவை எல்லாம் அழிந்தன.

வாள் கூர்மையாகிவிட்டது. இனிக் கேடயம் தடித்தாக வேண்டும், இல்லையா?

பிரான்சின் பதில், பிரிட்டனின் பதில்

1859-இல் பிரான்ஸ் 'குளோர்' என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. மரக் கப்பல்தான். ஆனால் அதன் பக்கங்களில் இரும்புத் தகடுகளைப் போர்த்தியிருந்தார்கள். கடலோடும் இரும்புக் கவசக் கப்பல்களில் இதுவே முதலாவது.

பிரிட்டன் பதறிப்போனது. அடுத்த ஆண்டே, 1860-இல், 'வாரியர்' என்ற கப்பலை இறக்கியது. இதன் உடலே இரும்பு. அதற்கு மேல் நாலரை அங்குலக் கனத்தில் இரும்புக் கவசம். நாலரை அங்குலம் என்றால் 11 சென்டிமீட்டருக்கும் மேல். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்.

ஒரு சுவையான செய்தி: இந்த இரும்புக் கவசத்துக்குப் பின்னால் 18 அங்குலக் கனத்துக்குத் தேக்கு மரம் வைத்திருந்தார்கள்! இரும்பு வந்த பிறகும் தேக்கு எதற்கு? கொல்லர் பட்டறையில் சம்மட்டி அடி வாங்கும் பட்டடை இரும்பை ஒரு மரக்கட்டையில் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியின் அதிர்ச்சியை மரம் வாங்கிக்கொள்ளும். கப்பலிலும் அப்படித்தான். குண்டு மோதும் அதிர்ச்சியில் இரும்புத் தகடு பிளந்துவிடாமல் தேக்கு தாங்கியது. ஓக் மரம் இரும்பை அரிக்கும். எண்ணெய்ப் பசை உள்ள தேக்கு அப்படி அரிக்காது.

தோற்றவர் யாரும் இல்லாத சண்டை

இரும்பும் இரும்பும் மோதினால் என்ன ஆகும்? அதற்கு விடை அமெரிக்காவில் கிடைத்தது.

அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்து போனதால் 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத்தார் பாதி எரிந்துபோன ஒரு கப்பலை எடுத்து, அதன் மேல் சாய்வான இரும்புக் கூரை அமைத்து 'வர்ஜீனியா' என்று பெயர் வைத்தார்கள். 1862 மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற இடத்தில் அது வட மாநிலங்களின் இரண்டு பெரிய மரக் கப்பல்களை அழித்தது. வர்ஜீனியா மேல் பட்ட குண்டுகள் தெறித்து விழுந்தன. அந்த ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

அன்று இரவே வட மாநிலங்களின் 'மானிட்டர்' வந்து சேர்ந்தது. ஜான் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் வடிவமைத்த கப்பல் அது. தண்ணீருக்கு மேல் தட்டையான தளம். அதன் நடுவே உருண்டையான ஓர் இரும்புக் கோபுரம், அதற்குள் இரண்டு பீரங்கிகள். கோபுரமே எல்லாப் பக்கமும் சுழலும்! கப்பலைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் சுடலாம்.

மறுநாள் காலை இரண்டும் மோதின. மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டன. ஒன்றால் மற்றொன்றை மூழ்கடிக்க முடியவில்லை. களைத்துப்போய் விலகின. மரப் போர்க்கப்பலின் காலம் முடிந்துவிட்டது என்பதை உலகம் புரிந்துகொண்டது.

குண்டுகளால் மூழ்காத மானிட்டரை அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று புயல் மூழ்கடித்தது. தளம் தாழ்வாக இருந்ததால் அலைகள் உள்ளே புகுந்துவிட்டன. பதினாறு பேர் மாண்டார்கள். குண்டுக்குச் செய்த கேடயம் அலைக்கு உதவவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் இதற்கு வருவோம்.

பம்பாய்க்கு வந்த இரட்டையர்

அமெரிக்காவில் நடந்த போருக்கும் நம் பம்பாய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி போகவில்லை. ஆலை முதலாளிகள் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தார்கள். பம்பாயில் பணம் கொட்டியது. அத்தனை செல்வம் புழங்கும் துறைமுகத்துக்குக் காவல் வேண்டாமா?

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இருந்த இந்தியக் கடற்படையை ஆங்கிலேய அரசு 1863-இல் கலைத்துவிட்டது. அதன் பழைய மரக் கப்பல்களால் இரும்புக் கவசக் கப்பல்களை எதிர்க்கவும் முடியாது. எனவே பம்பாய்க்காக இரண்டு கவசக் கப்பல்களுக்கு ஏற்பாடு நடந்தது. 'மக்தலா', 'அபிசீனியா' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

ஏன் இந்தப் பெயர்கள்? எத்தியோப்பியாவை அப்போது அபிசீனியா என்று அழைத்தார்கள். 1867-இல் பம்பாயிலிருந்து ஒரு படை அங்கே போனது. அதில் இந்தியச் சிப்பாய்கள் பலர் இருந்தார்கள். பீரங்கிகளைச் சுமக்க 44 யானைகளைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்! 1868 ஏப்ரலில் மக்தலா என்ற மலைக்கோட்டை பிடிபட்டது. அதன் நினைவாகவே இந்தப் பெயர்கள்.

இரண்டு கப்பல்களும் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் கட்டப்பட்டு 1870-இல் நீரில் இறக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் செலவு. வாரியரைக் கட்டிய தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் நிறுவனமே மக்தலாவையும் கட்டியது.

மக்தலா ஒதுக்கிய தண்ணீரின் எடை 3,340 டன். பத்து டன் சுமக்கும் லாரிகளாக நினைத்துப் பாருங்கள், 334 லாரி சுமை! நீளம் 225 அடி. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்றாக இரண்டு சுழலும் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பீரங்கிகள். குண்டின் குறுக்களவு 10 அங்குலம், எடை சுமார் 180 கிலோ. கோபுரத்தைச் சுற்றி 9 முதல் 10 அங்குல இரும்புக் கவசம். வாரியரின் கவசம் நாலரை அங்குலம்தானே? பத்தே ஆண்டில் அது இரண்டு மடங்காகிவிட்டது, பார்த்தீர்களா?

மானிட்டருக்கு நேர்ந்த கதி இவற்றுக்கு நேராமலிருக்க ஒரு வழி செய்தார்கள். தாழ்ந்த தளத்தின் நடுவில் மார்பளவு மதில் போல ஓர் இரும்புச் சுவர் எழுப்பி, அதற்குள் கோபுரங்களை வைத்தார்கள். அலை புரண்டாலும் சுழலும் பகுதிக்குள் தண்ணீர் இறங்காது. எட்வர்டு ரீட் என்ற பொறியாளரின் யோசனை இது.

இவ்வளவு செய்தும் வேகம் மணிக்கு சுமார் 10 கடல் மைல்தான். அதாவது 18, 19 கிலோமீட்டர். நீங்கள் சைக்கிளை வேகமாக மிதித்தால் அந்த வேகத்தில் போய்விடலாம்!

நம் மலைகளில் இரும்பு இல்லையா?

தேக்குக் கப்பல்களை உலகத்துக்கே கட்டித் தந்த பம்பாய்க்கு, இரும்புக் கப்பலை லண்டனில் ஏன் கட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி.

இரும்பு நமக்குப் புதிதல்ல. 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் மயிலாடும்பாறை என்ற ஊர் இருக்கிறது. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அரூர் பக்கத்துத் தீர்த்தமலையிலும் சேலம் கஞ்சமலையிலும் இரும்புத்தாது இருக்கிறது. நம் ஊர் மணலில் காந்தத்தை வைத்து இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வருமே, அதுவும் இரும்புத்தாதுதான்.

ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் கடற்கரை ஊரான பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்து மலைகளின் தாது அங்கே போய் உருகியது. ஆனால் உலைக்குப் போட்டது விறகுக்கரி. ஆலை கேட்ட கரிக்காகக் காடுகள் அழிந்தன. கரியின் விலையும் ஏறியது. இங்கிலாந்திலோ நிலக்கரி பூமிக்கடியில் குவிந்து கிடந்தது. அங்கே இரும்பு மலிவாக வார்க்கப்பட்டது. போட்டி போட முடியாமல் பரங்கிப்பேட்டை ஆலை நலிந்து மூடப்பட்டது. தாது இருந்தும், கைத்திறன் இருந்தும், காலம் மாறியபோது நம்மிடம் ஆலைகள் இல்லை.

கேடயம் இல்லாத இடம்

மக்தலாவும் அபிசீனியாவும் பம்பாயில் காவல் நின்றன. எந்த எதிரியும் வரவில்லை. அவை எந்தப் போரிலும் ஈடுபடவில்லை.

ஆனால் வேறோர் எதிரி வந்தான். அவன் கடல் வழியாக வரவில்லை. 1876-இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்கள். அப்போது தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் எண்ணியபோது சுமார் 16 லட்சம்தான். செத்தவர்களும், பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்களுமாக மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள்.

சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் மண் சுமந்த ஓர் ஆணுக்கு, 1877-இல் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார்கள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. செலவைச் சுருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

கப்பல் கட்டியதால்தான் பஞ்சம் வந்தது என்று நான் சொல்லவில்லை. மழை பொய்த்தது இயற்கையின் செயல். ஆனால், வராத எதிரிக்காகப் பத்து அங்குல இரும்பை அடுக்கிய அரசு, வந்துவிட்ட பசிக்கு எதிராக என்ன கேடயம் வைத்திருந்தது? இந்தக் கேள்வியை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போட்டி எங்கே முடிந்தது?

அந்தப் போட்டி முடியவே இல்லை! கவசம் தடித்ததும் பீரங்கி பெரிதானது. மக்தலாவின் பீரங்கிகளையே 1892-இல் மாற்றிப் புதியவை வைத்தார்கள். இரும்புக்குப் பதில் எஃகுக் கவசம் வந்தது. ராபர்ட் வைட்ஹெட் என்பவர் 1866-இல் உருவாக்கிய டார்பிடோ, தண்ணீருக்கு அடியில் தானே ஓடி, கவசம் இல்லாத அடிப்பக்கத்தைத் தாக்கியது. 1891-இல் சிலி நாட்டின் 'பிளாங்கோ என்கலாடா' என்ற கவசக் கப்பல் அப்படித்தான் மூழ்கியது.

1900-களின் தொடக்கத்தில் மக்தலாவும் அபிசீனியாவும் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இவற்றைப் போன்ற மற்றொரு கப்பலான 'செர்பரஸ்' ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1926-இல் அதை அலைத்தடுப்பாக மெல்போர்ன் அருகே கடலில் இறக்கிவிட்டார்கள். இப்போதும் கரையிலிருந்து பார்த்தால் துருப்பிடித்து நிற்பது தெரியும். வாரியரோ ஒரு குண்டுகூடப் போரில் சுடாமல், பின்னாளில் ஐம்பது ஆண்டுகள் எண்ணெய்த் துறை மேடையாகக் கிடந்தது. அதைச் செப்பனிட்டு, 1987 முதல் போர்ட்ஸ்மத் நகரில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகளே, மானிட்டர் கதையை நினைவில் வைக்கச் சொன்னேனே? குண்டைத் தாங்கிய கப்பல் அலையில் மூழ்கியது. எந்த ஆபத்துக்கு எந்தக் கேடயம் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் அறிவு. நாட்டுக்குக் கடற்படை வேண்டும்தான். அதோடு, மழைநீரைத் தேக்கும் ஏரி, தானியக் கிடங்கு, ரேஷன் கடை, உங்கள் பள்ளியில் மதியம் போடும் சத்துணவு இவையும் கேடயங்களே. நம் மாவட்டத்து மக்களுக்கு 1876-இல் இல்லாமல் போனவை இவைதான்.

அடுத்த முறை அகழ்வைப்பகத்தில் கேடயம் ஏந்திய நடுகல் வீரரைப் பார்த்தால், அவர் எதைக் காக்க நின்றார் என்று உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். ஊரின் மாடுகளை, அதாவது, ஊரின் சோற்றை!

செய்து பாருங்கள்: ஒரு வாளித் தண்ணீர், ஓர் இரும்பு ஆணி, ஒரு சிறிய இரும்புக் கரண்டி, குழிவான எவர்சில்வர் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பாருங்கள். பிறகு கிண்ணத்துக்குள் ஒவ்வொரு கூழாங்கல்லாகப் போடுங்கள். எத்தனையாவது கல்லில் மூழ்குகிறது? நோட்டில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.